வீட்டுக்குள் பாடிய ஒப்பாரி

மௌனத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தாள் பானுப்ரியா. அந்த மௌனத்துக்குள் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"அக்கா, உங்களுக்குச் சளி புடிச்சிருக்கா?" என்றுதான் போனில் ஆரம்பித்தாள். அரியலூரில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவள். வெற்றிச்செல்வி பெரம்பலூரில் தன் வீட்டில் வாசித்து அனுப்புவதை வெட்டி ஒட்டி ஒலிப்புத்தகமாக ஆக்கித் தருவது அவள் பொறுப்பு. ஒட்டிய இடம் காதுக்குத் தெரியாமலிருக்க, யாரும் பேசாத அறையின் சத்தத்தைத் தனியாகப் பிடித்து நடுநடுவே வைப்பார்களாம்.

"இல்லையே பானு. மூச்சக்கூட அடக்கிக்கிட்டுதான் உக்காந்திருந்தேன்."

"பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா?"

"யாரு இருக்கா? அபி ஸ்கூலுக்குப் போயிட்டா. அவரு ஷிப்டு."

பானுப்ரியா எதையோ திரும்ப ஓட்டிக் கேட்டாள். "பன்னெண்டாவது அத்தியாயத்துலயும் அதே சத்தம் இருக்குக்கா. நீங்களே ஒருக்கா ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்க" என்று வைத்துவிட்டாள்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. மத்தியானம்தான், ஆனாலும் கூடத்தில் விளக்குப் போட வேண்டியிருந்தது. தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று வாசல் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, வெற்றிச்செல்வி சாமான் அறைக்குள் போனாள். அங்கேதான் பதிவு. 'கல்லுக்குழி' என்று தன் நாவலைச் சொந்தக் காசில் அச்சடித்தபோது, ஊரே வாங்கும் என்று நினைத்திருந்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே. விற்காத கட்டுகள் இப்போது சாமான் அறையின் நாலு சுவரோரமும் கூரை வரை நின்றன. வெளிச் சத்தத்தை அவை அவ்வளவாக உள்ளே விடவில்லை. அதன்மேல் போர்வைகளைத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு ஸ்டூலும் மைக்கும் லேப்டாப்பும் வைத்தால், விற்காத புத்தகத்துக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒரு தாய் பாடுகிறாள். சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளத்துத் தண்ணீரில் மகளைப் பறிகொடுத்தவளின் ஒப்பாரி. அதை வாசித்தால் செத்துப்போகும், பாடித்தான் ஆக வேண்டும். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்பது இந்தப் பக்கத்தில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். கேட்டுப் பழகுகிறவர்கள்கூட ஊருக்கு வெளியே போய்த்தான் பாடிப் பார்ப்பார்கள், திரும்பும்போது தலைமுழுகிவிட்டுத்தான் வாசல்படி ஏறுவார்கள். வெற்றிச்செல்வியும் முதலில் ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு முந்திரிக்காட்டில் உட்கார்ந்துதான் பாடி அனுப்பினாள். காற்று இரைகிறது, மயில் கத்துகிறது, தேறாது என்று பானுப்ரியா தள்ளிவிட்டாள். இரண்டு வருடம் எழுதிய நாவல், அதன் உயிர் அந்த ஒரு பாட்டில் இருந்தது. நேற்று வீட்டில் யாரும் இல்லாதபோது சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடிவிட்டாள்.

ஒரே மூச்சில் முடியவில்லை. ஒருதரம் நாக்கு குழறியது. ஒருதரம் தெருவில் சிலிண்டர் வண்டி வந்தது. ஒருதரம் 'என் மகளே' என்ற இடத்தில் தன் மகள் அபிநயாவின் முகம் வந்து நிஜமாகவே அழுகை முட்டிக்கொண்டது. அப்படியே விட்டுவிட்டுத் திரும்ப ஆரம்பித்தாள். அதையும் பாதியில் விட்டாள்.

ஹெட்போனை மாட்டி, முதல் பதிவைத் தட்டினாள்.

"முந்திரிக் காடெல்லாம் மொட்டு வச்சு நிக்கையிலே, என் மொட்டு மட்டும் மண்ணுல விழுந்ததென்ன, மகளே..."

தன் குரல்தான். வரி முடிந்ததும், கொஞ்சம் தள்ளி, ஒரு உறிஞ்சல். அழுது ஓய்ந்தவள் முந்தானையில் மூக்கைத் துடைக்கிற சத்தம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இரண்டாவதைத் தட்டினாள். இதில் உறிஞ்சல் பக்கத்தில் வந்திருந்தது. கூடவே கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று உரசின. வெற்றிச்செல்வி கையில் வளையல் போடுவதில்லை. மூன்றாவதில், அவள் பாதியில் விட்ட வரியை யாரோ ஒருத்தி தணிந்த குரலில் எடுத்து முடித்தாள். நாவலில் இல்லாத வார்த்தைகளில், அவள் எழுதியதைவிட நன்றாகவே முடித்தாள்.

ஹெட்போனைக் கழற்றினாள். போர்வைகள் அசையாமல் தொங்கின. புத்தகக் கட்டுகளின் காகித வாடை, மழையின் மண் வாடை. அதற்கு அடியில் மெல்லிசாக ஊதுபத்தி வாடை. அவள் இன்றைக்கு ஊதுபத்தி கொளுத்தவில்லை.

கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கடைசிப் பதிவைத் தட்டினாள். அதில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். நெஞ்சில் அடித்துக்கொள்ளும் சத்தம் ஒரே தாளத்தில் விழுந்தது. ஈரப் புடவைகள் தரையில் இழுபட்டன. "நவுந்து உக்காருடி" என்று ஒருத்தி சொன்னாள். "பெத்தவ வரணும்ல."

எல்லாவற்றையும் அழித்தாள். திரை காலியானது. கணவன் மணிவண்ணனைக் கூப்பிட்டாள். சிமெண்ட் ஆலையின் இரைச்சலுக்கு நடுவே அவன் எடுத்தான்.

"ஏங்க... அந்தப் பாட்ட நான் இங்கதாங்க பாடினேன். இப்ப ஏதேதோ கேக்குது. பயமா இருக்குங்க."

"வூட்டுக்குள்ள வச்சா பாடின?"

அவள் போனை மறுகாதுக்கு மாற்றினாள்.

"செல்வி, ஒம்புள்ள இருக்கற வூட்ல, மகளே மகளேன்னு பாடியிருக்க. என்ன பண்ணியிருக்கன்னு தெரியுதா?" அவன் குரல் உடைந்தது. இதற்குமுன் அவன் பயந்து அவள் கேட்டதில்லை. "இப்பவே வெளிய வா. தெருமுனைல நில்லு. வேன் வந்ததும் அபியக் கூட்டிக்கிட்டு எங்கயாச்சும் போயிடு. நான் வர்ற வரைக்கும் புள்ள வூட்டுப் படி ஏறக்கூடாது. கேக்குதா?"

"கேக்குதுங்க. தெருமுனைலயே நிறுத்திடறேன். அவள உள்ள விடமாட்டேன்."

வேன் வர இன்னும் நேரமிருந்தது. ஓடிவிடலாம். குடையைத் தேடவில்லை. கதவுப் பிடியில் கை வைத்தாள்.

பிடி ஈரமாக இருந்தது.

திறந்தாள். கூடத்தில் விளக்கை அணைத்திருந்தார்கள். சோபாவும் நாற்காலிகளும் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. எழவு வீட்டில் ஒதுக்குவார்களே, அப்படி. நடுவில் இடம் விட்டிருந்தது. டம்ளரில் பச்சரிசி நிரப்பி, அதில் ஊதுபத்தி செருகியிருந்தது. சாமி மாடத்துக் காமாட்சி விளக்கு தரையில் எரிந்தது.

வாசல் கதவு திறந்து கிடந்தது. படியில் அபிநயாவின் பள்ளிக்கூட ஷூ. நனைந்து.

விளக்குக்குப் பக்கத்தில், வெறுந்தரையில், அபிநயா மல்லாந்து படுத்திருந்தாள். சீருடையோடு. கைகள் நெஞ்சின் மேல்.

"அபி."

கண் திறந்திருந்தது. அம்மாவைப் பார்த்தது. உயிர் இருந்தது. வெற்றிச்செல்விக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"மழன்னு ஸ்கூல சீக்கிரம் விட்டுட்டாங்கம்மா. கதவத் தட்டினேன், நீ வரல."

"பின்ன யாருடி தொறந்தா?"

"அந்த ஆயாங்கதான். தலையெல்லாம் தொவட்டிவுட்டாங்க. இப்படிப் படுத்துக்க, அம்மா வர்ற வரைக்கும் அசையாதன்னாங்க." குழந்தைக்குத் தூக்கம் சொக்கியது. "எவ்ளோ பேரும்மா. யாரு இவங்கள்லாம்?"

கூடத்தில் யாரும் இல்லை. தரையில் மட்டும் ஈரம். நனைந்த புடவையோடு உட்கார்ந்த இடம் ஒவ்வொன்றும் தனித்தனியாக, வட்டமாக, குழந்தையைச் சுற்றி. ஈரம் காயவில்லை. ஊறிக்கொண்டிருந்தது.

"எந்திரி அபி. வா, போயிடலாம்."

"கால் வரலம்மா."

பார்த்தாள். இரண்டு கால் கட்டை விரல்களையும் சேர்த்து, வெள்ளைத் துணியில் கிழித்த நாடாவால் கட்டியிருந்தது.

பாய்ந்து முடிச்சைப் பிடித்தாள். ஈரமான முடிச்சு. நகம் ஏறவில்லை. பல்லால் கடித்தாள். இழுத்தாள். இறுகியது.

சாமான் அறைக்குள் கழற்றிப் போட்ட ஹெட்போனிலிருந்து மெல்லிசாக ஒரு குரல் எழுந்தது. அவளுடையது. அவள் அழித்தது. இந்தத் தடவை நாக்கு குழறவில்லை. வண்டி வரவில்லை. பாதியில் நிற்கவில்லை. மகளே என்ற இடத்தில் பெயர் வந்தது.

அபிநயா.

"பாடாத" என்று கத்த வாயைத் திறந்தாள். முந்திரிக் காடெல்லாம் என்று வந்தது.

வாயைப் பொத்தினாள். விரல்களுக்கு நடுவே அடுத்த வரியும் வந்தது. சுற்றிலும் நெஞ்சில் அடித்துக்கொள்ளும் சத்தம் மெதுவாகத் தொடங்கியது. ஈரமான கை ஒன்று அவள் தோளை அணைத்தது. இன்னொன்று. இழுத்தார்கள். பிரியமாகத்தான் இழுத்தார்கள்.

வட்டத்தில் எல்லா இடமும் நனைந்திருந்தது. மகளின் தலைமாட்டில் மட்டும் ஓரிடம் காய்ந்து கிடந்தது.

"தூக்கம் வருதும்மா" என்று அபிநயா கண்ணை மூடிக்கொண்டாள்.