ஏழாம் எண் கிணற்றுத் தண்ணீர்

"ரெண்டு பாட்டில்லயும் ஒரே தண்ணி அசோக். இன்னும் எவ்வளவு நேரம் இல்ல இல்லன்னு சொல்லப்போறீங்க?"

வினோதினி இதைச் சொன்னபோது எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் பிழிந்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். அரியலூரில் அந்தத் தெருவில் சண்டைக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் தண்ணீர் பரிசோதிக்கிற ஆபீஸில், சோப்பு வாசனையோடு பூனை மாதிரி நடமாடும் அந்தப் பெண் குரலை உயர்த்தியது இதுதான் முதல் தடவை.

"மெஷின் தப்பா காட்டும் மேடம்" என்றான் அசோக். அவனும் கத்தித்தான் சொன்னான்.

"மத்த பத்து பாட்டிலுக்கும் சரியா காட்டுதே."

விஷயம் இதுதான். ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக்காக, பழைய சுண்ணாம்புக்கல் குழிகளைச் சுற்றியுள்ள பன்னிரண்டு இடங்களில் மாதாமாதம் தண்ணீர் எடுக்கிறார்கள். எடுத்துவருவது அசோக். பரிசோதிப்பது வினோதினி. ஏழாம் எண் என்பது குழிக்கு அப்பால் இருக்கும் ஒரு தெருவின் பொதுக் கிணறு. பதினொன்று, உடையார்பாளையம் பக்கம் அசோக் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கும் போர்வெல். முதல் மாதம் ஏழாம் எண் கணக்கு அனுமதித்த அளவை ஒட்டியே நின்றது. அதன்பின் மூன்று மாதமாக இரண்டுக்கும் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்வரை ஒரே கணக்கு. இத்தனை ஊர்த் தண்ணீர் இருக்க, சோம்பேறி தன் வீட்டுக் குழாயைத் திறந்திருக்கிறான். இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

சோம்பேறி என்றுதான் தெரு பேசிக்கொண்டது. உண்மை அதைவிடக் கேவலமானது. அது அசோக்குக்கு மட்டும்தான் தெரியும்.

வினோதினி காலி பாட்டிலை மேசைமேல் வைத்தாள். குரல் இறங்கியிருந்தது. "நம்ம ரிப்போர்ட்ட வச்சுத்தான் அங்க குடிக்கலாம்னு போர்டு எழுதியிருக்காங்க. போன வாரம் அந்தத் தெருவுலேருந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. கைக்குழந்தைக்குக் குடுக்கலாமான்னு கேட்டுச்சு. நான் குடுக்கலாம்னு சொல்லிட்டேன்."

அசோக் பாட்டிலை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

பங்குனி வெயில். சாலையின் இரண்டு பக்கமும் செடிகொடியெல்லாம் வெள்ளைப் புழுதி பூசிக்கொண்டு நின்றன. வழி நெடுக அவன் முதல் தடவை போனதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு இருசம்மாள் என்ற நடுத்தர வயதுப் பெண்தான் கிணற்றில் இறைத்துக் கொடுத்தாள். பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று தடவை அலச வேண்டும் என்று அவன் சொல்ல, அவளே அலசினாள். மகள் பிரசவத்துக்கு வரப்போகிறாள், தண்ணீர் கொஞ்ச நாளாக ஒரு மாதிரி இருக்கிறது, நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அவன் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டாள். போகும்போது ஒரு தம்ளர் தண்ணீர் நீட்டினாள். அவன் தாகமில்லை என்றான். தெருமுனையில் வண்டியை நிறுத்தித் தன் பையிலிருந்த தண்ணீரை அண்ணாந்து குடித்தான்.

குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, அவள் தம்ளரோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

அந்தத் தெருவில் கை நனைக்கக் கூடாது என்று அவன் அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். படித்த பிள்ளை, அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை என்று சிநேகிதர்களிடம் சொல்லிக்கொள்வான். ஆனால் மறுமாதம் அந்தத் தம்ளருக்கு எதிரே போய் நிற்க அவனால் முடியவில்லை. அவள் போன் செய்தபோதெல்லாம் துண்டித்தான்.

தெருவுக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். ஆள் நடமாட்டம் இல்லை. கோழிகூட இல்லை. வண்டியை அணைத்ததும், கிணற்றடியில் ராட்டினம் கிறீச்சிடுவது கேட்டது.

இருசம்மாள் இறைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா தம்பி" என்றாள், திரும்பாமலே.

அவனுக்கு நிம்மதியாகவும் இருந்தது, கூசவும் செய்தது. வேலை அதிகம் என்று ஏதோ முனகினான். அவள் கயிற்றை இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். முப்பதடிக் கிணறு அது. கயிறு அறுபதடி வந்தது, நூறடி வந்தது, அவள் காலடியில் சுருள் சுருளாக விழுந்துகொண்டே இருந்தது.

வாளி மேலே வந்தபோது ஒரு சொட்டுகூடச் சிந்தும் ஓசையில்லை.

அவன் கையிலிருந்து பாட்டிலை வாங்கி ஒரு தடவை அலசிக் கொட்டினாள். இரண்டாவது தடவை கொட்டினாள். மூன்றாவது தடவையும்.

கொட்டிய இடத்தில் மண் நனையவில்லை.

பல நாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தாற்போல ஒரு வாடை எழுந்தது. பாட்டிலை நிரப்பி மூடிக் கொடுத்தாள். பிறகு தம்ளரை நீட்டினாள்.

இந்தத் தடவை அவன் வாங்கிக் குடித்தான். பயத்தில் குடித்தானா வெட்கத்தில் குடித்தானா என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. பல் கூசும் குளிர்ச்சி. தொண்டையில் இறங்காமல் பாதியிலேயே நின்றது.

"எப்படி இருக்குன்னு உங்க வாயாலயே சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

"யாருகிட்ட சார் பேசிட்டிருக்கீங்க?"

குரல் பின்னாலிருந்து வந்தது. கையில் ஏந்திய குழந்தையோடு ஓர் இளம்பெண். அவன் மறுபடி கிணற்றைப் பார்த்தான். வாய் முழுக்கப் புது இரும்பு வலை போட்டு மூடியிருந்தது. ராட்டினம் இல்லை, கயிறு இல்லை. மோட்டார் குழாய் மட்டும் வெளியே வந்திருந்தது.

கையில் பாட்டில் நிறைந்திருந்தது.

இருசம்மாள் எங்கே என்று கேட்க நினைத்தான். பெயர் மட்டும்தான் வெளியே வந்தது.

"எங்கம்மாதான் சார். காய்ச்சல்ல போயி இன்னையோட நாப்பது நாள். நான் மஞ்சு, அதோட பொண்ணு." குழந்தையை அடுத்த கைக்கு மாற்றினாள். "புள்ள பொறக்கறதுக்குள்ள தண்ணிய இன்னொரு வாட்டி பாத்துடணும்னு உங்களுக்குத்தான் போன் போட்டுக்கிட்டே கெடந்துச்சு. போர்டுல நல்ல தண்ணின்னு எழுதவும்தான் மனசு ஆறுச்சு. அது போனதுலேருந்து எனக்குப் பால் வத்திப்போச்சு. பவுடரக் கரைச்சுத்தான் குடுக்கறேன்."

குழந்தையின் வாயில் பால் புட்டி இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த குட்டி விரல்களின் நகக்கண்கள் நீலம் பாரித்திருந்தன. உதட்டோரமும் அப்படித்தான்.

ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போக வாயைத் திறந்தான். தொண்டையில் நின்ற தண்ணீர் மேலே ஏறியது. சத்தம் வரவில்லை. மூச்சும் வரவில்லை.

தோளுக்குப் பின்னால் யாரோ காத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"அந்தத் தண்ணியக் குடுக்காதம்மா" என்றான். மூச்சு வந்தது.

"போர்டுல..."

"அது பொய். மூணு மாசமா நான் இங்க வரவே இல்ல. எங்க வூட்டுத் தண்ணிய இந்தக் கிணத்துத் தண்ணின்னு குடுத்தேன்."

ஏன் என்று மஞ்சு கேட்டாள். அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டிருந்தார்கள். அவன் அதையும் சொன்னான். தம்ளரைச் சொன்னான். தெருமுனையில் நின்று குடித்ததைச் சொன்னான். அடிப்பார்கள் என்று நினைத்தான். யாரும் அடிக்கவில்லை. ஓர் ஆள் அவனைப் பார்க்காமலே சொன்னான்: "அன்னைக்கே தெரியும் சார். அதுக்காக புள்ளகுட்டி குடிக்கற தண்ணியிலயுமா?"

அவன் வண்டியிலேயே மஞ்சுவையும் குழந்தையையும் ஏற்றி அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தெருக்காரர் ஒருவர் ஓட்டினார், அவனுக்கு இடமில்லை. இரண்டு நாள் தள்ளியிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பாட்டிலை அசோக் நடந்தே கொண்டுவந்து சேர்த்தான். கைக்குழந்தைகளின் உடம்பை நீலமாக்கும் நைட்ரேட், இருக்கலாமென்ற அளவைப்போல் மூன்று மடங்கு என்று வினோதினி எழுதினாள். பன்னிரண்டு பாட்டிலில் அது ஒன்று மட்டும் குளிர்ப்பெட்டியில் வைக்காமலே மாலை வரை குளிர்ந்திருந்ததாம். அதை அவள் ரிப்போர்ட்டில் எழுதவில்லை. எதிர்வீட்டு மாடியில்தான் சொன்னாள்.

அப்புறம் என்ன. அசோக்குக்குப் பேசிவைத்திருந்த பூவிழி வீட்டில், பொய் சொன்னவனுக்குப் பெண் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அந்தத் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடித்தவன் என்பதுதான் அவர்களுக்கு உறுத்தியது என்றும் சொல்கிறார்கள். பூவிழி வேப்பந்தட்டையில் ஒரு உரக்கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டாள். வினோதினி திருச்சிக்கு மாற்றிக்கொண்டு போய், உடன் படித்தவனையே கட்டிக்கொண்டாள். மஞ்சு, தேறிய குழந்தையோடு புருஷன் ஊருக்குப் போய்விட்டாள். அந்தத் தெருவுக்கு இப்போது லாரியில் தண்ணீர் வருகிறது, வருகிற அன்றைக்கு.

அசோக் ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, ஒற்றை அறை வாடகைக்கு எடுத்திருக்கிறான். கல்யாணம் ஆகவில்லை. குடிபோன மூன்றாம் நாள் வீட்டுக்காரம்மா படியில் மறித்தாள்.

"தனி ஆளுன்னு சொல்லித்தானே தம்பி வந்தீங்க. அம்மாவையும் கூட்டிட்டு வந்தத ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. பகல் பூரா கதவத் தொறந்து வச்சுக்கிட்டு வாசலையே பாத்துட்டு ஒக்காந்திருக்காங்க. ஒரு வாய் சோறாவது போட்டுட்டு வேலைக்குப் போங்க."

அசோக் அது தன் அம்மா இல்லை என்று சொல்லவில்லை. மறுநாளிலிருந்து இரண்டு தட்டில் பரிமாறிவிட்டுத்தான் போகிறான். சாயங்காலம் வரும்போது இரண்டாவது தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும்.