அருவியில் ஓர் ஆள் அகலம்

காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே ஹார்லன் அதைக் கவனித்துவிட்டான். கொல்லைப்புற நீச்சல் குளத்தை ஒட்டி அவன் கையாலேயே கட்டிய கல்சுவர். அதன் உச்சியில் இருக்கும் நீண்ட பிளவிலிருந்து தண்ணீர் சிறு அருவியாக, ஒரே பலகையாக விழ வேண்டும். அன்று அது இரண்டாகப் பிரிந்து விழுந்தது. நடுவே ஓர் ஆள் அகலத்துக்குத் தண்ணீரே இல்லை. சாயந்திரம் அவனுடைய மேலதிகாரி குடும்பத்தோடு இறைச்சி சுட்டுச் சாப்பிட வருகிறார், அதற்குள் இது சரியாகியிருக்க வேண்டும் என்று மனைவி பிரென்னாவிடம் சொல்லிவிட்டுப் போனான். குரலை உயர்த்தவில்லை. அவன் குரலை உயர்த்தாத நாட்களில்தான் அவளுக்கு அடி விழும்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் ஐந்து வயது டெஸ்ஸாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஃபிளாக்ஸ்டாஃபில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவது, அப்புறம் திரும்புவதே இல்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். இந்த ஒரு பொழுதை அடி வாங்காமல் ஓட்டிவிட்டால் போதும். முன்பு அவன் தள்ளிவிட்டதில் உடைந்த இடது தோள் சரியாகக் கூடாமல் சற்று இறங்கியே நின்றுவிட்டது. இன்னோர் எலும்பு உடைந்தால் வண்டி ஓட்ட முடியாது.

குளம் சுத்தம் செய்கிற ரூபன் வந்து பார்த்தான். பம்ப்பின் கூடையில் சேர்ந்திருந்த மஞ்சள் பூக்களைக் கொட்டினான், வடிகட்டியைப் பீய்ச்சிக் கழுவினான், குழாய்த் திருகுகளைத் திறந்து மூடிப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், பிளவில் படிந்திருக்கும், வினிகர் ஊற்றித் தேய்த்தால் போய்விடும் என்றான். கிளம்பும்போது அருவியைப் பார்த்துச் சிரித்தான்.

"யாரோ நின்னு குளிக்கிற மாதிரியே பிரியுது. ஃபீனிக்ஸ் வெயிலுக்கு நல்ல இடமாத்தான் பிடிச்சிருக்காங்க, மேடம்."

அவளும் சிரித்து வைத்தாள்.

டெஸ்ஸாவைத் தொலைக்காட்சியில் பொம்மைப் படம் பார்க்க உட்கார வைத்துவிட்டு, பம்ப்பை நிறுத்தி, ஏணி போட்டு ஏறி, பிளவு முழுக்க வினிகரை ஊற்றினாள். கடையில் தருகிற பழைய பிளாஸ்டிக் பரிசு அட்டை ஒன்றை உள்ளே செருகி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தாள். வெள்ளைப் பொருக்கு உதிர்ந்தது. புளித்த நெடியும் சூடான கல்லின் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின. அட்டை எங்கும் தட்டவில்லை. பம்ப்பைப் போட்டாள். தண்ணீர் விளிம்பு முழுக்க ஒரே சீராகப் புரண்டு வந்தது. அப்பாடா என்றிருந்தது. விளிம்பிலிருந்து ஒரு சாண் இறங்கியதும் அது மறுபடி பிரிந்தது.

அடைப்பு என்றால் விளிம்பிலேயே பிரிய வேண்டும். இது அந்தரத்தில் பிரிந்தது. உருண்டையான எதன் மேலோ விழுந்து வழிவதுபோல் முதலில் சிறிதாக விலகி, கொஞ்சம் கீழே சட்டென்று அகலமாகி, அங்கிருந்து இரு பக்கமும் நேராக இறங்கியது. சத்தமும் வேறாக இருந்தது. குளத்தில் விழும் தண்ணீரின் சளசளப்புக்கு நடுவே, தலைமுடியில் விழும் தண்ணீரின் மொத்தென்ற சத்தம் ஓயாமல் கேட்டது.

வலைக் கம்பை எடுத்து அந்த இடைவெளிக்குள் நீட்டினாள். கம்பு எதிலும் படாமல் பின்னாலிருந்த கல்லில் போய் முட்டியது. குளத்துக்குள் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, கையை நீட்டினாள். வெளியே தோலை உரிக்கிற வெயில். உள்ளே குளிர்சாதனப் பெட்டியைத் திறந்ததுபோல் சில்லென்று இருந்தது. கை நனையவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தபோது இடைவெளியின் உச்சி அவள் தலை உயரத்துக்கு இருந்தது. அகலமும் அவள் அகலம்தான். தண்ணீர் வழிந்து இறங்கிய அந்தத் தோள்களில் இடது பக்கம் சற்று இறங்கியிருந்தது.

அவள் பின்வாங்கினாள். டெஸ்ஸாவை எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்பிவிட வேண்டும், நாளை வரை காத்திருக்கக் கூடாது என்று தோன்றியது. படியில் கால் வைத்தபோது வண்டிக் கொட்டகையின் கதவு மேலேறும் சத்தம் கேட்டது.

ஹார்லன் சீக்கிரம் வந்துவிட்டான். கையில், விளிம்பு மட்டமா என்று பார்க்கிற நீளமான இரும்பு ரசமட்டம். காலணியைக்கூடக் கழற்றாமல் கரையில் நின்று அருவியையே பார்த்தான்.

"காலையிலேர்ந்து இதைத்தான் பண்ணிட்டிருந்தியா?"

ரூபன் வந்ததையும் வினிகர் ஊற்றியதையும் அவள் சொன்னாள். அவன் தலையாட்டிக்கொண்டே குளத்துக்குள் இறங்கி வந்தான். வந்த வேகத்தில் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்தான்.

"சுரண்டிச் சுரண்டி விளிம்பையே கெடுத்திருக்க. உள்ள போய் நில்லு. எங்க தப்புன்னு பார்த்துச் சொல்லு."

"வேணாம் ஹார்லன். அதுக்குள்ள என்னத் தள்ளாத."

அவன் தள்ளினான்.

உள்ளே தண்ணீர் படவில்லை. ஒரு சொட்டுகூட. இடைவெளி அவள் தலையிலும் தோளிலும் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்தியது. சத்தம் நின்றுவிட்டது. முதுகுக்குப் பின்னால் கல். நடுவில் விரல் நுழையக்கூட இடமில்லை. அந்த இல்லாத இடத்திலிருந்து யாரோ அவள் பிடரியில் மூச்சு விட்டார்கள்.

வெளியே ஹார்லனின் வாய் அசைந்தது. ரசமட்டத்தை ஓங்கினான்.

அவள் இரு அக்குள்களின் வழியாகவும் இரண்டு ஈரக் கைகள் முன்னால் நீண்டன. பெண் கைகள். அவள் கைகள். அவளுடைய கைகளோ பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன.

அவை அவன் காதுகளைப் பிடித்தன. இழுத்தன. அவள் தோளுக்கு மேல், பின்னாலிருந்த கல்லில் அவன் நெற்றி மோதியது. தேங்காய் உடைகிற சத்தம். அவன் கத்தினான். மறுபடி இழுத்தன. மூக்கு. மறுபடி. பற்கள் அவள் கழுத்தில் தெறித்து விழுந்தன. அவன் விரல்கள் அவள் சட்டையைப் பற்றின. உதவி கேட்பவன்போல் பற்றின. மறுபடி. கல்லில் ஏதோ ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மறுபடி. முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை.

கைகள் விட்டன. அவன் மல்லாந்து விழுந்தான். குளம் சிவந்தது.

அவளுக்குப் பயம் இருந்தது. அதற்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது, வெட்கமில்லாத சந்தோஷம். இனி அடிக்க அவன் இல்லை. டெஸ்ஸா பார்ப்பதற்குள் வெளியே போக வேண்டும். ஓர் அடி எடுத்து வைத்தாள்.

கால் வரவில்லை.

இடுப்பைச் சுற்றிக் கல். வயிற்றில் கல். கத்தினாள். வாய் நிறையத் தண்ணீர். இப்போதுதான் தண்ணீர் அவள் மேல் பட்டது. தலையில். கண்ணில். மூக்கில். மூச்சு இல்லை. சாவும் வரவில்லை.

கண்ணாடி போன்ற தண்ணீருக்கு அப்பால் ஒருத்தி படியேறிக்கொண்டிருந்தாள். தன் முதுகைத் தானே பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் இடது தோள் சற்று இறங்கிய அது தன் முதுகுதான் என்று பிரென்னாவுக்குத் தெரிந்தது.

வீட்டின் கண்ணாடிக் கதவு நகர்ந்தது. நீச்சல் உடையில் டெஸ்ஸா.

"அம்மா, அருவி சரியாயிடுச்சா?"

அந்தப் பெண் குனிந்து குழந்தையின் கண்களைத் தன் ஈரக் கையால் மெல்லப் பொத்தினாள். மறு கையால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். டெஸ்ஸா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உள்ளே போனார்கள். கதவு மூடியது.

சிவந்த குளத்தின் மேல் அருவி, ஒரு கீறல் இல்லாமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சீராக விழுந்துகொண்டிருந்தது.