எட்டாவது நாற்காலி

இளவழுதியின் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றப் போகும் நேரம் பார்த்து மறுப்பான் வாய் திறந்தது.

"இந்தக் கல்யாணம் வேண்டாம். மாப்பிள்ளை வேலை பார்ப்பது செம்பாறைச் சுரங்கத்தின் ஏழாம் தளத்தில். அங்கே மூன்று வாரமாகத் தண்ணீர் கசிகிறது."

கூடம் சிரித்தது. "போன மாசம் எங்க தம்பி பொண்ணு நிச்சயத்துல மாப்பிள்ளைக்கு மூக்கு கோணல்னு சொல்லிச்சு. அதுக்கு இது தேவல," என்றார் பெண்ணின் தாய்மாமன். "ஆச்சா? மறுப்பு கேட்டாச்சு. தட்டை எடுங்கப்பா."

தட்டு மாறியது. ஆர்மோனியப் பெட்டி அளவிலிருந்த அந்தப் பொறியைக் கொண்டுவந்து வைத்தவளே மாப்பிள்ளையின் அக்காதான். பூங்கோதை மறுப்பான்களைப் பழுது பார்க்கிறவள். பந்தி முடிந்ததும் தம்பியைக் கைகழுவும் இடத்தில் மடக்கினாள்.

"தண்ணி கசியுதுன்னு எங்கிட்ட சொல்லவே இல்லையேடா."

"அது உளறுறதையெல்லாம் நீயே நம்புனா எப்படிக்கா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"கணுக்கால் வரைக்கும் நிக்குது. நாளைக்குச் சுரங்கக் குழு கூடுது. அவங்க பாத்துக்குவாங்க. நீ போய்ப் பாயசம் சாப்பிடு."

மறுப்பான் சட்டம் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஒரு பாலம் விழுந்தது. அதைக் கட்டச் சம்மதித்த ஒன்பது பொறியாளர்களுக்கும் அது விழும் என்று தெரிந்திருந்தது. மற்ற எட்டுப் பேர் பேசாமல் இருக்கிறார்களே, நாம்தான் தப்பாகக் கணக்குப் போட்டோமோ என்று ஒன்பது பேரும் தனித்தனியாக நினைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு, மூன்று பேருக்கு மேல் கூடி முடிவெடுக்கும் எந்த இடத்திலும் ஒரு மறுப்பான் உட்கார வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆவணங்களைப் படிக்கும், காரணத்தோடு 'வேண்டாம்' என்று சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. நாளடைவில் கல்யாண வீடுகளுக்கும் வாடகைக்குப் போக ஆரம்பித்தது.

சட்டத்தின் முகப்புரையில் சாலமன் ஆஷ் என்ற பெயர் இருக்கும். சட்டத்தைப் படித்தவர்கள்கூட அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். உளவியல் பட்டப்படிப்பை மூன்றாம் பருவத்தோடு விட்டுவிட்ட பூங்கோதை தாண்டவில்லை. கல்லூரியிலிருந்து அவள் எடுத்து வந்த ஒரே சொத்து அந்த மனிதர்தான்.

அவர் செய்த சோதனையைச் சின்னப் பிள்ளைக்கும் விளக்கிவிடலாம். ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம்? அறையில் இருந்தவர்களில் ஒருவன் தவிர மற்றவர்கள் ஆஷின் ஆட்கள். அவர்கள் ஒரே குரலில் தப்பான கோட்டைக் காட்டினார்கள். கண் முன்னால் இருப்பதை விட்டுவிட்டு, இப்படிச் சோதிக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு போனார்கள். ஆஷ் அதோடு நிறுத்தவில்லை. கூட்டத்தில் ஒரே ஒருவனை மாற்றிச் சொல்ல வைத்தார். உடனே பெரும்பாலானவர்களுக்குக் கண் திரும்பி வந்தது. அந்த ஒருவன் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. அவனும் வேறொரு தப்பைச் சொன்னாலும் கூட்டத்தின் பிடி தளர்ந்தது.

உளவியலில் கனவைத் தோண்டியவர்கள் உண்டு, நாயின் எச்சிலை அளந்தவர்கள் உண்டு. இந்த ஆளுக்கு நான்கு கோடு போதுமாக இருந்தது. ஏழு வயதில், ஒரு யூதப் பண்டிகை இரவில், தீர்க்கதரிசிக்கென்று ஊற்றி வைத்த கோப்பையைக் காட்டி, "அவர் வந்து குடிப்பார். பார், மது குறையும்" என்று மாமா சொன்னாராம். கொஞ்சம் குறைந்ததாகவே பையனுக்குத் தோன்றியதாம். பின்னாளில் அவரே சொன்ன கதை. ஊரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் தன் கண்ணைச் சந்தேகப்பட்டவர். பூங்கோதைக்கு அதனால்தான் அவர் மேல் மரியாதை. அந்த இரண்டு அட்டைகளின் நகல் அவள் கருவிப் பெட்டியில், திருப்புளிகளுக்கு அடியில் எப்போதும் கிடக்கும்.

திங்கட்கிழமை செம்பாறைக் குழு கூடியது. ஏழு பேர். எட்டாவது நாற்காலியில் மறுப்பான். பொறிக்குப் பின்னால், சுவரோரம், ஒரு முக்காலியில் பூங்கோதை. பொறி நின்றுவிட்டால் கூட்டம் செல்லாது என்பதால் பழுது பார்ப்பவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

ஏழாம் தளத்தில் மறுநாள் காலை முழு வேலையைத் தொடங்குவது என்பதுதான் தீர்மானம். நாற்பத்தொரு பேர் இறங்குவார்கள். பட்டியலில் தம்பியின் பெயர் பதினேழாவது.

"மூணு பம்பு போட்டாச்சு. இனிமே பிரச்சினை இல்ல," என்றார் உற்பத்தித் தலைவி ரெஜினா.

நிலவியலாளர் தஸ்தகீர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். அவர் முன்னால் இருந்த அளவைத் தாள் கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பூங்கோதை பார்த்தாள்.

"வேண்டாம்," என்றது மறுப்பான். "மூன்று வாரத்தில் கசிவு நான்கு மடங்கு ஆகியிருக்கிறது."

அது முடிப்பதற்குள் எழுத்தர், 'மறுப்பு பதிவானது' என்று எழுதி முடித்திருந்தார்.

"எங்க மாமியாரைக் கொண்டாந்து இந்தச் சேர்ல உக்கார வச்சாலும் இதேதான் சொல்லும்," என்றார் ரெஜினா. ஏழு பேரும் சிரித்தார்கள். தஸ்தகீரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு கண்வரை போகவில்லை.

பூங்கோதைக்கு உறைத்தது. இவர்கள் அதைக் கேட்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மாதிரி அது ஓடிக்கொண்டிருக்கிறது. கூட்டத்தை உடைக்க வந்த குரல் கூட்டத்தோடு கலந்துவிட்டது. இந்த அறையில் யாரும் எதிர்பார்க்காத குரல் ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

பொறியின் முதுகில் பராமரிப்புப் பலகை இருந்தது. கூட்டம் நடக்கும்போது அதைத் தொட்டால் உரிமம் போகும், சிறையும் கிடைக்கலாம். அவள் மூடியைத் திறந்து உள்ளே ஒரு விசையைத் திருப்பினாள்.

"மறுப்பானின் இறுதிக் கருத்து?" என்று தலைவர் சிவசைலம் சடங்குக்குக் கேட்டார். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"எனக்கு மறுப்பு எதுவும் இல்லை."

பேனா நின்றது.

"என்ன சொல்லிச்சு?"

"எனக்கு மறுப்பு எதுவும் இல்லை," என்றது மறுப்பான். "நீங்கள் ஏழு பேரும் சரி."

இருபத்திரண்டு வருடமாக அந்தப் பெட்டியிடம் ஒப்படைத்து வைத்திருந்த பயம் ஏழு மடியிலும் வந்து விழுந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. தஸ்தகீர் தாளைத் திருப்பிப் போட்டார்.

"சார், எனக்கு ஒரு இது."

"என்ன பாய்?"

"பம்புல வர்ற தண்ணி உப்புக் கரிக்குது. மேல இருந்து இறங்குற மழைத் தண்ணி இல்ல. பக்கத்துல மூடுன பழைய குழி நிரம்பி, சுவரைத் தள்ளுது."

"இத்தனை நாளா ஏன்யா சொல்லல?"

"அதான் அது சொல்லுதேன்னு இருந்துட்டேன்."

"எனக்கும் அந்தப் பம்பு மேல நம்பிக்கை இல்ல," என்றார் ரெஜினா மெதுவாக. அதற்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் ஒன்று இருந்தது. தீர்மானம் தோற்றது.

நான்காம் நாள் சுவர் உடைந்தது. நாற்பது நிமிடத்தில் ஏழாம் தளம் கூரைவரை நிரம்பியது. உள்ளே ஆள் இல்லை. அன்று வீட்டுக்கு வந்த இளவழுதி சாப்பிட உட்கார்ந்தான். "இன்னும் கொஞ்சம் சோறு போடுக்கா," என்று மட்டும் சொன்னான்.

விசாரணைக் குழுவிடம் பூங்கோதை எதையும் மறைக்கவில்லை.

"பொறியைத் தூக்கி வெளிய வைங்க. மனுசங்களை மனுசங்களா உக்கார விடுங்க. ஆஷ் கேட்டது ஒரு ஆள். நாம பெட்டியை வச்சோம்," என்றாள்.

நாற்பத்தொரு உயிரை உத்தேசித்து அவளை எச்சரித்து விட்டார்கள். அவள் யோசனையை ஒருமனதாக நிராகரித்தார்கள். அந்த நிராகரிப்பை அவர்களுடைய மறுப்பான் மறுத்தது. மறுப்பு பதிவானது.

பிறகு புது விதி வந்தது. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மறுப்பான் கட்டாயம் ஆமோதிக்க வேண்டும். அன்று உறுப்பினர்கள் ஆளுக்கொரு சந்தேகத்தைப் படிவத்தில் நிரப்பித் தர வேண்டும்.

அந்த விதிப்படி வந்த முதல் செவ்வாயன்று, தண்ணீர் இறைத்து முடித்த ஏழாம் தளத்துக்குக் கீழே எட்டாம் தளத்தைத் திறக்கச் செம்பாறைக் குழு கூடியது. இளவழுதி இந்தப் பட்டியலிலும் இருந்தான்.

"எனக்கு மறுப்பு எதுவும் இல்லை," என்றது மறுப்பான்.

யாரும் அசையவில்லை. எழுத்தர் படிவங்களை நீட்டினார். ரெஜினா காற்றோட்டம் பற்றி ஒரு வரி எழுதினார். இன்னொருவர் தலைக்கவசத்தின் நிறம் பற்றி எழுதினார். தஸ்தகீர் விளக்குகளைப் பற்றி ஏதோ கிறுக்கினார். அவருடைய அளவைத் தாள் கவிழ்ந்து கிடந்தது. பதினோரு நிமிடத்தில் ஏழு சந்தேகங்களும் கோப்பில் ஏறின.

"அப்போ எல்லாருக்கும் சம்மதம்," என்று சிவசைலம் பேனாவைத் திறந்தார்.

"எனக்கு மறுப்பு இருக்கு."

சிவசைலம் தலை நிமிரவில்லை. "பூங்கோதை, இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. அது மறுக்கக் கூடாது. என்ன கோளாறுன்னு பாரும்மா."

"கோளாறு இல்ல சார். பேசுனது நான்."

இப்போது ஏழு பேரும் திரும்பினார்கள். எழுத்தர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "நீங்க பேச முடியாதும்மா. உங்களுக்கு நாற்காலி இல்ல."

அவள் முக்காலியை விட்டு எழுந்தாள். ஓரடி முன்னால் வந்தாள். நின்றாள். "தஸ்தகீர் பாய், அந்தத் தாளைத் திருப்புங்க."

தஸ்தகீர் அவளைப் பார்த்தார், பொறியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பி வைத்துவிட்டு எழுந்தார். மறுப்பானை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தார். எட்டாவது நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"எனக்கு மறுப்பு எதுவும் இல்லை," என்றது மறுப்பான், தரையிலிருந்து.