ஞாயிறு மட்டும் ஒரு மாத்திரை

"வீல்!"

ஷண்முகப்ரியாவின் அலறல் ஷட்டரைத் தாண்டவில்லை.

எப்படித் தாண்டும்? ஷட்டரை உள்ளேயிருந்து இழுத்து இறக்கிவிட்டுத்தான் அவன் கத்தியையே எடுத்தான்!

புதன்கிழமை. பிற்பகல் இரண்டரை மணி. ஆழ்வார்பேட்டையின் அந்தக் குறுக்குத் தெரு சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரம். மருந்துக் கடையில் அவள் ஒருத்திதான் இருந்தாள். பார்மசிஸ்டும் அவளே... முதலாளியும் அவளே.

"கத்தாதக்கா. எனுக்கே தல வலிச்சிகினு கீது. ரெண்டே குத்து... முட்ச்சிட்டுப் போய்க்கினே இருப்பேன்."

"யாருடா நீ?"

"நெடுஞ்செழியன். ஏரியால நெடுன்னு சொல்லுவாங்க. சாவப் போற நேரத்துல இன்னாத்துக்கு அறிமுகம்?"

"அந்தப் போதை மாத்திரைப் பசங்க அனுப்பினாங்களா?"

போன வாரம்தான் டாக்டர் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை கேட்டு மிரட்டிய இரண்டு பேரைப் போலீஸில் பிடித்துக் கொடுத்திருந்தாள்.

நெடு சிரித்தான்.

"சில்லறப் பசங்ககிட்டல்லாம் நெடு வேல எடுக்க மாட்டான்!"

கத்தி பாய்ந்தது.

அவள் குனிந்தாள். தோளுக்குப் போக வேண்டிய கத்தி முன்னங்கையைக் கிழித்துவிட்டுப் போனது. சுரீர்! கிழிந்த இடத்தை அழுத்திப் பிடிக்கக்கூட நேரமில்லை. இரண்டாவது வீச்சு இருமல் மருந்து வரிசையில் விழுந்தது. பத்துப் பதினைந்து பாட்டில்கள் ஒரே நேரத்தில் வெடித்துச் சிதறின.

ப்ரியாவின் கை பின்னால் துழாவியது.

விற்பனைக்கு வைத்திருந்த அலுமினிய ஊன்றுகோல். அடியில் நாலு கால் வைத்தது.

வீசினாள்!

நாலு காலும் நெடுவின் மூக்கில் இறங்கின. நறுக்!

"ஆ...! ஏய்!"

மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அவன் புறங்கையால் துடைத்தான். மறுபடி கொட்டியது.

"பொம்பளன்னு பாத்தா..."

பாய்ந்தான். தரையில் பரவிக் கிடந்த இருமல் மருந்து காலை வாரியது. விழுந்த வேகத்தில் கல்லாப்பெட்டியின் முனை புருவத்தைப் பிளந்தது. கத்தி கைநழுவி ஃபிரிட்ஜுக்கு அடியில் ஓடி மறைந்தது.

ப்ரியா ஷட்டரை நோக்கி ஓடினாள்.

இரண்டு அடிதான்!

பின்னாலிருந்து பின்னலைப் பிடித்து இழுத்துத் தரையில் சாய்த்தான். நெஞ்சில் முழங்காலை ஊன்றினான். இரண்டு கைகளும் அவள் கழுத்தைச் சுற்றி இறுகின.

"கத்தி போனா போவட்டும்... கை கீதில்ல!"

மூச்சு நின்றது. கண் இருண்டது.

அவன் முகத்திலிருந்து ரத்தம் அவள் கன்னத்தில் சொட்டியது. சொட்... சொட்... சொட்டச் சொட்ட நிற்கவே இல்லை.

இருபது வருடம் மருந்தோடு வாழ்ந்த மூளை, செத்துக்கொண்டிருக்கும் போதும் வேலை செய்தது.

மூக்கு உடைந்தால் ரத்தம் வரும். ஆனால் இப்படியா? ஈறெல்லாம் ஏன் சிவப்பு? யாரும் தொடாத முழங்கையில் ஏன் நீலத் திட்டுகள்?

பட்டன் தெறித்த சட்டைக்குள், நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு நீளத் தழும்பு!

இருந்த கடைசி மூச்சைத் திரட்டினாள்.

"வா... வால்வு... ஆபரேஷனா?"

கைகள் சட்டென்று தளர்ந்தன.

"உனுக்கு யாரு சொன்னா?"

இருமினாள். காற்றை அள்ளி விழுங்கினாள்.

"ரத்தம் உறையாம இருக்க... தினமும் மாத்திரை போடுறியா?"

"ஏய், மெதுவா பேசு! வெளிய தெரிஞ்சா மார்க்கெட்டே போயிரும். ஹார்ட் பேஷண்ட் ரவுடிய எவங்க்கா கூப்டுவான்?"

"கண்ணாடியைப் பாருடா முதல்ல!"

சுவரில் மாட்டியிருந்த விளம்பரக் கண்ணாடியை நெடு பார்த்தான். புருவத்திலிருந்து ஒரு ஓடை. மூக்கிலிருந்து ஒரு ஓடை. பேசும்போது பல்லெல்லாம் சிவப்பு. வெள்ளைச் சட்டை வயிறு வரைக்கும் நனைந்திருந்தது.

"இன்னாக்கா இது... நிக்கவே மாட்டுது?"

"நிக்காது. தலையில வேற அடி. உள்ளேயும் கசிஞ்சுதுன்னா ஆஸ்பத்திரி போய்ச் சேர மாட்டே."

அவன் தடுமாறி எழுந்தான். ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

"தலை சுத்துதுக்கா..."

ஷட்டர் ஆறு அடி தூரத்தில் இருந்தது. இப்போது ஓடலாம்! ஓடினால் அவள் பிழைப்பாள். இவன் சாவான். அனுப்பியவன் யார் என்று தெரியாமலேயே போகும்... அடுத்த வாரம் இன்னொரு கத்தி வரும்.

ஒரு கட்டுப் பஞ்சை அவன் மடியில் எறிந்தாள்.

"முன்னால குனி. மூக்கை நல்லா அழுத்திப் பிடி. புருவத்துல பஞ்சை வை. இத்தனை நாள் சரியா இருந்த ரத்தம் திடீர்னு இப்படி ஆகாது. புதுசா என்ன மாத்திரை சாப்பிட்ட?"

"ஒண்ணியும் இல்லக்கா..."

"பொய் சொன்னா செத்துடுவே!"

"படர்தாமரைக்கு மட்டும்... தொடை பூரா வட்ட வட்டமா. சொறிஞ்சு சொறிஞ்சு தூக்கமே கெடையாது. ஒருத்தர் குடுத்தாரு. அவுருக்குக் கேட்டுச்சாம்."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"சொறிக்கெல்லாம் டாக்டரா?"

"நீ போடுற ரத்த மாத்திரையை உடம்பு கொஞ்சம் கொஞ்சமா கழிச்சு வெளியேத்தணும். இந்தப் பூஞ்சை மாத்திரை அதை விடாது. நீ போட்டதெல்லாம் உள்ளேயே சேர்ந்துக்கிட்டே போகும். ரெண்டையும் சேர்த்துப் போடணும்னா டாக்டர் அளவைக் குறைச்சு, ரத்தத்தை அடிக்கடி டெஸ்ட் பண்ணித்தான் கொடுப்பார். எடு அதை, பாக்கணும்!"

நெடு பேண்ட் பாக்கெட்டில் கையை விட்டான். ஒரு பக்கம் கத்தரித்துவிட்ட, கசங்கிய மாத்திரை அட்டை ஒன்று வந்தது.

ஐந்து குழிகள். நான்கு காலி.

"எத்தனை நாள்ல நாலு?"

"நாலு நாள்ல. பின்னால 'ஞாயிறு மட்டும்'னு எழுதிகீது. ஞாயித்துக்கெழம மட்டும் துன்ற மருந்து எங்கனா கீதாக்கா? எவனோ லூசு எழுதிகிறான்னு தெனம் ஒண்ணு போட்டேன்."

ப்ரியா அட்டையைத் திருப்பினாள்.

நீல மார்க்கர். 'ஞாயிறு மட்டும். சாப்பிட்டதும்.' ஞாயிறின் 'ஞா'வில் அந்தப் பெரிய சுழி...

கட்டை விரலால் அந்தச் சுழியைத் தடவிப் பார்த்தாள்.

"அந்த லூசு நான்தான்!"

"இன்னாது?"

எல்லா மாத்திரை அட்டையிலும் பின்னால் எழுதிக் கொடுப்பது அவள் வழக்கம். ஆனால் 'ஞாயிறு மட்டும்' என்று இதுவரை ஒரே ஒருவருக்குத்தான் எழுதினாள். கிழமை மறந்து விடுகிற ஒருவருக்கு!

வாரம் ஒன்று வீதம் எட்டு வாரத்துக்கு எட்டு மாத்திரை. மூன்று போட்டதும் அரிப்பு நின்றுவிட்டது என்று ஒதுக்கியவர். மிச்சம் ஐந்து எங்கே என்று கேட்டதற்குத் தொலைந்துவிட்டது என்றவர்.

தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் மேனேஜர். ஹரி.

அவள் கணவன்!

"உன்னை அனுப்பினது யாருன்னு நான் கேக்கலை," என்றாள். குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "ஜவுளிக்கடைக்காரர்தானே?"

நெடுவின் வாய் பிளந்தது.

"தெய்வமேக்கா நீ! எப்பிடி..."

"உன்னைச் சாகடிக்கிற மாத்திரையைக் கொடுத்ததும் அவர்தான்."

"அந்தாளு எனக்கே ஸ்கெட்ச் போட்டுட்டானா!"

"சே சே. அந்த அளவுக்கெல்லாம் அவருக்கு மூளை கிடையாது. இந்தக் கடையை வித்துட்டுக் கொட்டிவாக்கத்துல கடல் பாக்குற வீடு வேணுமாம். எங்கப்பா வெச்ச கடை. கையெழுத்துப் போட மாட்டேன்னேன். அவ்ளோதான்."

நெடுவின் செல்போன் அதிர்ந்தது.

திரையில் 'டெக்ஸ்டைல் சார்'.

"ஸ்பீக்கர்ல போடு. முடிஞ்சுதுன்னு சொல்லு. சொன்னா அடுத்த நிமிஷம் ஆம்புலன்ஸ்!"

அவள் தன் போனில் ரெக்கார்டரைத் தட்டினாள்.

"ஹலோ... முட்ச்சிட்டேன் சார்."

"நிஜமாவா? மூச்சு இல்லையே?" ஹரியின் குரல். காலையில் 'லஞ்ச்ல ரசம் வை' என்று கேட்ட அதே குரல்! "ஷட்டரை மூடிட்டுக் கிளம்பு. நாலு மணிக்கு நான் வந்து அழுதுக்கறேன்."

போன் அணைந்தது.

"அழுவறாராம்," என்றான் நெடு, பரிதாபமாக.

அவள் முதலில் 108ஐ அழைத்தாள். அடுத்து போலீஸ்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அந்த அட்டையை ஆம்புலன்ஸ்காரர் கையில் திணித்தாள்.

"வால்வு மாத்தினவர். வார்ஃபரின் போடுறார். கூடவே நாலு நாளா இந்த ஃப்ளூகோனசோல். உள்ள போனதும் டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா இதைச் சொல்லுங்க. அட்டை பத்திரம். போலீஸுக்கு வேணும்!"

"யக்கா..." நெடு முனகினான். "மன்ச்சிக்க."

"பேசாதே. ரத்தம் வீணாகுது."

மணி நாலு அடிக்க ஐந்து நிமிடம்.

மறுபடி இறக்கிவிட்ட ஷட்டருக்கு முன்னால், கைப்பையோடு ஒரு பெண்மணி நின்றிருந்தார். இன்ஸ்பெக்டர் ஜெயபாரதி. காட்டன் புடவையில் மருந்து வாங்க வந்த மாமி மாதிரியே இருந்தார்.

ஆட்டோவிலிருந்து குதித்தான் ஹரி. குதிக்கும்போதே அழுகை தொடங்கிவிட்டது.

"ஐயோ ப்ரியா! என்னை விட்டுட்டுப் போயிட்டியே!"

"என்ன சார் ஆச்சு?"

"என் ஒய்ஃபைக் கத்தியால குத்திட்டாங்க மேடம்! கடைக்குள்ளயே குத்திட்டாங்க!"

"அடப்பாவமே! ஷட்டர் மூடியிருக்கே சார்... உள்ள நடந்தது வெளியில இருக்கிற உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஹரியின் அழுகை பாதியில் தொங்கியது.

ஷட்டர் கடகடவென்று மேலே ஏறியது. கையில் கட்டும் கழுத்தில் பத்து விரல் அடையாளமுமாக ப்ரியா நின்றாள்.

"நாலு மணின்னு சொல்லிட்டு அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்களே!"

திரும்பி ஓடினான். ஜெயபாரதி காலை நீட்டினார். நடுத்தெருவில் முகம் குப்புற விழுந்தான். முன்பல் ஒன்று தனியாக உருண்டு போனது. எதிர் டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்து கொத்தாகத் தூக்கினார்கள்.

ஜீப்பில் ஏற்றி விலங்கு மாட்டினார்கள். ஹரி நெளிந்தான். விலங்கு மாட்டிய கையைத் தொடை வரைக்கும் கொண்டுபோகப் படாதபாடு பட்டான்.

"என்ன, அரிக்குதா?" என்றாள் ப்ரியா.

அவன் தொடையை சீட் விளிம்பில் தேய்த்தான்.

"எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்ததை மூணு வாரத்துல நிறுத்தினா திரும்பத்தான் வரும். படிச்சுப் படிச்சுச் சொன்னேன்... கேட்டாத்தானே?"

ஜெயபாரதி ஜீப்பின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஹரியைத் திரும்பிப் பார்த்துவிட்டு ப்ரியாவிடம் சொன்னார்.

"கவலையை விடுங்க மேடம். இனிமே ஜட்ஜ் எழுதிக் கொடுப்பாரு. பத்து வருஷம்னா பத்து வருஷம்... ஒரு வேளைகூட விட முடியாது!"