ஜெசிந்தா தேடிய முகம்

மக்ரூன் இனிப்புக் கடை வரிசையில் ஜெசிந்தா வலிப்பு வந்து விழுந்தபோது யாரும் கத்தவில்லை. முன்னால் நின்றவர் கண்ணாடித் தட்டுகளை நகர்த்தினார். பின்னால் நின்ற பெண் துப்பட்டாவை மடித்து அவள் தலைக்கடியில் வைத்தாள். மற்றவர்கள் காற்று வர விலகினார்கள். கணவன் அருளப்பன் மண்டியிட்டு, அவள் கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பார்த்தான். துடிக்கும் கைகால்களை அமுக்கவில்லை. வாயில் எதையும் திணிக்கவில்லை. துடிப்பு அடங்கியதும் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தான்.

இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. ஐந்து நிமிடத்தைத் தாண்டியிருந்தால் ஆம்புலன்ஸை அழைத்திருப்பான். அவள் கண் திறந்தபோது வரிசை மறுபடி நகர்ந்துகொண்டிருந்தது. யாரோ கால் கிலோ கேட்டார்கள்.

எல்லாம் நிதானியின் வேலை. காதுமடலுக்குப் பின்னே தோலுக்கடியில் பதித்த, பருப்பளவுக் கருவி. அருகில் ஒருவருக்கு வலிப்பு வந்தால், பார்ப்பவரின் மூளையில் அச்சம் எழும் இடத்தை அது மரத்துப்போகச் செய்யும். பிறகு செய்ய வேண்டியதைக் காதுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லும். பதினைந்து வயதைக் கடந்த எல்லோருக்கும் அது உண்டு.

உப்பளச் சாலையில் வீடு திரும்பும்போது ஜெசிந்தா அவன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. கண்ணத் தொறந்ததும் உங்க மூஞ்சியத்தான் பாப்பேன். அதுலதான் தெரிஞ்சுக்கிடுவேன். இப்ப அதுல ஒண்ணுமே இல்ல."

"ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட்."

"நான் அதக் கேக்கல." சிறிது தூரம் போனபின் அவளே சிரித்தாள். "கல்யாணமான புதுசுல பீரோ சாவிய என் கையில திணிச்சுக்கிட்டு எப்படி அழுதீய! மூக்கெல்லாம் ஒழுகி..."

இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று அப்போது நம்பினார்கள். சாவி எதையும் நிறுத்தவில்லை. அவள் உள்ளங்கையைக் கீறியதுதான் மிச்சம். அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"ஒரே ஒரு தடவ அந்த நிதானிய அணைச்சு வைங்க. நான் இல்லாமப் போற அந்த ரெண்டு நிமிஷம் உங்களுக்காவது உறைக்கட்டும்."

மறுநாள் நிதானி நிலையத்தில் ஒரு பெண் அவன் காதுக்குப் பின்னே அளவியை வைத்தாள். மறுபடி வைத்தாள்.

"எத அணைக்கச் சொல்லுதீய, அண்ணாச்சி? இது செத்துப் பதினாலு மாசமாச்சு."

"குரல் கேக்குதே. நேத்துக்கூடக் கேட்டுச்சு."

"அது உங்க ஞாபகம். மனப்பாடம் ஆயிருக்கு." அவள் சிரித்தாள். "உங்கள மாதிரி நாலு பேரு இருந்தா எங்க நிலையத்தையே பூட்டிரலாம். புதுசு வச்சிருவோமா?"

"வேண்டாம்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். பதினான்கு மாதத்தில் ஒன்பது வலிப்புகள். நடுவில் தன் அண்ணனை அடக்கம் செய்த அன்று கண் கலங்காததற்கும் அவன் நிதானியைத்தான் குறை சொல்லியிருந்தான். வெயில் அவன் கால்வரை வந்து, முழங்கால்வரை ஏறும்வரை எழுந்திருக்கவில்லை.

"அணைச்சிட்டாவளா?" என்று வீட்டு வாசலிலேயே கேட்டாள் ஜெசிந்தா.

"அணைஞ்சாச்சு."

பதினொன்றாம் நாள் பகலில் அவள் அடுக்களையில் விழுந்தாள். அருளப்பன் அடுப்பை அணைத்தான். அரிவாள்மணையைத் தள்ளிவைத்தான். துண்டை மடித்துத் தலைக்கடியில் கொடுத்தான். கடிகாரத்தைப் பார்த்தபடி, தனக்குள் ஏதாவது வருகிறதா என்று காத்திருந்தான். குரல் மட்டும் வந்தது. அடுத்தது இது, அடுத்தது இது.

மூன்று நிமிடம் பத்து விநாடி. துடிப்பு நின்றது. ஒருக்களித்துப் படுக்கவைத்தான். மூச்சு சீராக இருந்தது. அவள் தெளிய இன்னும் சில நிமிடங்கள் ஆகும்.

அவன் எழுந்து மேசை இழுப்பறையைத் திறந்தான். கதவுகளெல்லாம் கைரேகைக்குத் திறக்கும் காலத்திலும், பழைய பீரோ சாவி அடியில் கிடந்தது. தளர்ந்திருந்த அவள் உள்ளங்கையில் அதை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்தான். குழாயில் முகத்தை நனைத்தான். துடைக்கவில்லை. வந்து அவளருகே உட்கார்ந்தான்.

ஜெசிந்தா கண் திறந்தாள். முதலில் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கையை.

"அட, கூறுகெட்ட மனுசா... சாவியா?" அவள் சிரித்தாள். கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. "பயந்துட்டீயளா?"

"ரொம்ப."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்திருந்தாள். அவனும் முகத்தை அப்படியே வைத்திருந்தான். இன்னும் எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்று காதுக்குள் குரல் எதுவும் சொல்லவில்லை.