அபிராமியின் வருகைப் பதிவு

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் நாளைக் காலை எனக்குக் காப்பி கிடைக்காமல் போகட்டும். இதைவிடப் பெரிய சத்தியம் எனக்குத் தெரியாது.

திருப்பூரில் மூன்று மாடி ஜவுளிக்கடை ஒன்றின் நைட்டிப் பிரிவில் ஆஷாவும் அபிராமியும் வேலை பார்த்தார்கள். பண்டிகைக் காலத்தில் அங்கே யாருக்கும் விடுப்பு கிடையாது. ஆகவே தங்களுக்குள் ஒரு ஏற்பாடு. தீபாவளிக்கு அபிராமி சேவூருக்கு நழுவுவாள், ஆஷா சமாளிப்பாள். கிறிஸ்துமஸுக்கு ஆஷா நாங்குநேரிக்கு நழுவுவாள், அபிராமி சமாளிப்பாள்.

தீபாவளி வாரம் ஆஷா கால் வீங்க இரண்டு ஆள் வேலையைப் பார்த்தாள். டிசம்பர் வந்ததும் அபிராமி சொல்லாமல் மறுபடி சேவூருக்குப் போய்விட்டாள், மாமன் மகள் கல்யாணமாம். வேறு வழியின்றி ஆஷா மேலாளர் செல்வக்குமாரிடம் விடுப்புக் கேட்டாள். அவர் ஆளைப் பார்ப்பவரல்ல, வருகைத் தாளைப் பார்ப்பவர். அதைத் திருப்பிக் காட்டினார்.

"தீபாவளிக்குக்கூட லீவு போடாத புள்ள இந்த அபிராமி. இன்னிக்கும் வந்திருக்குது. உனக்கு மட்டும் எப்படிக் கண்ணு குடுக்கறது?"

விரல்ரேகை இயந்திரத்திலிருந்து எடுத்த அந்தத் தாளில் தினமும் காலை ஐந்தரைக்கு அபிராமியின் கட்டைவிரல் பதிந்திருந்தது. ஆஷாவுக்கு வயிறு எரிந்தது. கல்யாணச் சோறும் அவளுக்கு, நல்ல பெயரும் அவளுக்கு. அவளுக்குப் பதிலாக விரல் வைக்கும் திருடனைப் பிடித்துக் கொடுத்தால் தனக்கு விடுப்பு கிடைக்கலாம். கிடைக்காவிட்டாலும் அவளுடைய நல்ல பெயராவது போகும்.

இருபத்துநாலாம் தேதி விடியுமுன், காவலாளி ராக்கையா ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டுத் தேநீருக்குப் போனதும் உள்ளே நுழைந்தாள். கஞ்சி வாடையும் அந்துருண்டை வாடையும் கலந்த இருட்டில், தொங்கும் நைட்டிகளுக்கு நடுவே இன்னொரு நைட்டியைப் போல நின்றாள். வெளியே கம்பெனி வேன்கள் ஒவ்வொன்றாக நெருங்கி, ஷட்டருக்கடியில் வெளிச்சத்தை ஒரு முழம் விரித்துக் காட்டி, பிடிக்கவில்லை என்பதுபோல மறுபடி சுருட்டிக்கொண்டு போயின.

அப்புறம் ஒரு தட்டல். கண்ணாடிக் கவுண்டர் மேல், நகத்தால்.

ஒரு சிறு இழுவை. மறுபடி தட்டல். செருப்புச் சத்தமில்லை. மூச்சில்லை. சுவரில் ஏறியது. நின்றது.

இயந்திரம் பச்சையாக ஒளிர்ந்து, "நன்றி" என்றது.

அந்த வெளிச்சத்தில் ஒரு கட்டைவிரல். சிவப்பு நகப்பூச்சு. கை இல்லை.

அது இறங்கி அபிராமியின் இழுப்பறைக்குள் போயிற்று. ஆஷாவின் செல்போன் அதிர்ந்தது. அபிராமிதான். தூக்கக் குரல்.

"பதிஞ்சுருச்சுங்களாக்கா? கொஞ்சம் போத்தி உடுங்க. குளுருக்கு வெறச்சுக்கும்."

ஆஷா இழுப்பறையைத் திறந்தாள். பனியன் வேஸ்ட் துணியில் ஒரு சின்ன மெத்தை. அதில் விரல் சுருண்டு படுத்திருந்தது. மெல்ல ஏறி இறங்கியது. பக்கத்தில் இன்னொரு மெத்தை, காலியாக. அதன் மேல் விலைச்சீட்டு. சீட்டில் ஆஷா என்று எழுதியிருந்தது.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இத்தனை நாள் இதைத் தன்னிடம் சொல்லாமல் இருந்தாளே என்ற ஆற்றாமைதான் பொங்கியது.

"வலிச்சுதா பிள்ள?" என்று கேட்டாள்.

"லீவு கெடைச்சா வலி தெரியாதுங்கக்கா."

துணி வெட்டும் கத்தரி கவுண்டரிலேயே கிடந்தது.

மறுநாள் விடியற்காலை நாங்குநேரிக் கோயிலில், கிறிஸ்துமஸ் ஆராதனையில், கைக்குட்டை சுற்றிய வலக்கையை மடியில் வைத்து, அம்மா அருகில் ஆஷா உட்கார்ந்திருந்தாள். மணி ஐந்தரை. இல்லாத விரலின் நுனியில் கண்ணாடியின் குளிர் ஏறியது. ஒரு தட்டல். பக்கத்தில் இன்னொரு நகத்தின் தட்டல். பழகிய நடை. அதை முந்த வேண்டும். ஈரமாக எதையோ இழுத்தபடி, இருட்டில், அவள் விரல் வேகம் பிடித்தது.

அந்தக் கடையில் இருப்பது முகம் பார்த்து வருகை பதியும் இயந்திரம். அதில் விரல் வைக்க இடமே கிடையாது. நாளைக் காலை எனக்குக் காப்பியும் கிடையாது.