பத்தொன்பதாம் அடுக்கில் ஒருவன்

உலகப்படத்தின் பதினைந்தாம் அடுக்கில் கடல் இருந்தது. ரெக்சலின் திரையில் விரலை விரித்து நெருங்கிப் போனாள். பத்தொன்பதாம் அடுக்கில் அதே இடத்தில் ஓட்டு வீடு, முற்றம், முற்றத்தில் அவள் கணவன் சூசைராஜ். படமெடுக்க மேலே பறந்த ஆளில்லாப் பறவையைப் பார்த்து ஒரு கையைத் தூக்கியிருந்தான்.

தொலைவுக் காட்சியான பதினைந்தாம் அடுக்கு மாதாமாதம் புதிதாகும். அண்மைக் காட்சியான பத்தொன்பதாம் அடுக்கு எப்போதாவதுதான். மூன்றாண்டுக்கு முன் கடல் ஊருக்குள் ஏறிய அன்று, ஆளில்லா மீட்புக்கலங்கள் அண்மைக் காட்சியைத்தான் படித்தன. அது தரை என்றது. கலங்கள் துறையைவிட்டு நகரவில்லை. சூசைராஜ் கடலோடு போனான்.

அதற்குப் பிறகு செய்ததுதான் 'இசைவி'. எல்லா அடுக்கிலும் படம் ஒன்றுபோல் இருக்கும்படி திருத்தும் இயந்திரம். அதன் திருத்தங்களுக்கு ஒப்புதல் தருவது ரெக்சலினின் வேலை.

"அக்கா, உங்க ஊரு படம் மட்டும் பாக்கி கிடக்கு," என்றான் பக்கத்து இருக்கை முகுந்தன். "இன்னும் ஒப்புதல் குடுக்கலியா?"

"குடுக்கேன் தம்பி. அது உன் கண்ண அப்படி என்ன உறுத்துது?"

கொடுத்தால் படத்தில் வீட்டோடு சூசைராஜும் அழிவான். ஆனால் உயிரோடு இருப்பவர் உருவத்தை இசைவி அழிக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. ஒப்புதலை அழுத்தினாள். படத்தில் இருப்பவரின் நிலை என்ன என்று அது கேட்டதும் 'உயிருடன் உள்ளவர்' என்று குறித்தாள். மனதறிந்த பொய்.

இசைவி வேலையை முடித்தது. ஓடு மறைந்தது, முற்றம் நீலமானது. நீருக்கு மேலே சூசைராஜின் தலையும் தூக்கிய கையும் மட்டும் மிஞ்சின.

துறையில் சங்கு அலறியது.

"அக்கா! மூணு கலமும் உங்க ஊரு பக்கம் பாய்ஞ்சிட்டு! யாரோ தத்தளிக்காவளாம்!"

"போகட்டும். அன்னைக்கு ஒண்ணுகூட போகலியே."

முகுந்தன் அவள் திரையை எட்டிப் பார்த்தான். குரல் தணிந்தது.

"தெக்கே ஒரு வள்ளம் கவுந்து கிடக்குக்கா. ஆறு பேரு. உயிரோட இருக்காருன்னு நீங்க சொல்லுத வரைக்கும் கலம் அவரத்தான் தேடும்."

அன்று மாதா கோயில் மாடியில் நின்று, கலம் இதோ வரும், இதோ வரும் என்று துறையையே பார்த்தது அவளுக்கு நினைவு வந்தது. இப்போது ஆறு வீட்டார் அப்படி நிற்பார்கள்.

குறிப்பை 'இறந்தவர்' என்று மாற்றினாள். கலங்கள் தெற்கே திரும்பின. தூக்கிய கை கடைசியாக மறைந்தது.

ரெக்சலின் விரலை விரித்தாள். பதினைந்து, பதினேழு, பத்தொன்பது. எல்லா அடுக்கிலும் ஒரே கடல். எங்கும் ஒரு பிசகில்லை.